துண்டுக்கு அடியில் பேரம்

கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"வாம்மா ஷஹீரா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

வாசலோர அஞ்சடி நடைபாதையில் நின்று மழையில் நனைந்த செருப்பை உதறிக்கொண்டிருந்த ஷஹீரா அப்படியே நின்றாள். சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வருகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரமாகப் போனிலும் இதே வாக்கியம்தான், இதே ஏற்றத்தில், கடைசியில் இதே சின்ன இருமலோடு. அம்மா காமாரியா ஒரு பேச்சை இரண்டு முறை ஒரே மாதிரி பேசுகிறவள் கிடையாது. மீன்காரனைத் திட்டுவதற்குக்கூடத் தினம் ஒரு புது வசவு வைத்திருப்பாள்.

கதவைத் திறந்தவர் முஸ்தஃபா. ரத்தினக்கல் வியாபாரம் செய்த அத்தா சீனி முகம்மது மௌத்தான பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டவர். சாயம் பூசிய மீசை, அத்தாவின் சட்டை, அந்தச் சட்டைக்குள் அடங்க மறுக்கும் வயிறு. கல் தரகர் என்று சொல்லிக்கொள்வார். சுற்றுலாக் கப்பலில் வந்திறங்கும் கிழவிகளிடம் கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று தள்ளிவிடுவதுதான் தொழில், அதிலும் பாதி நாள் கிழவிகளே இவரை ஏமாற்றிவிட்டுப் போவார்கள். ஊருக்கெல்லாம் போலியை விற்ற மனிதர் உண்மையான சரக்கென்று வாழ்க்கையில் கைப்பற்றியது அம்மாவையும் இந்த வீட்டையும்தான். 'சின்னத்தா' என்று கூப்பிடச் சொன்னார்கள். அந்தச் சொல் ஷஹீராவின் வாயில் ஒருநாளும் நுழையவில்லை.

"அட, மவளா! வா வா. தே தண்ணி கலக்கட்டா?"

"அம்மா எங்க?"

"உள்ளதான் படுத்திருக்கு. ஒடம்பு சரியில்ல லா."

நீண்டு ஒடுங்கிய அந்தக் கடைவீட்டின் நடுமுற்றத்தில், வானம் பார்த்த ஓட்டை வழியே மழை விடாமல் இறங்கி, சிமெண்டுத் தரையில் மோதிச் சிதறி, சுவரோரத்துச் சாமான்களின் நிழல்களையெல்லாம் நடுங்க வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இந்த நேரத்துக்கு வாசல்வரைக்கும் தாளிப்பு வாசம் வந்து ஆளை இழுக்கும். இன்று அடுப்படிப் பக்கமிருந்து எதுவுமே வரவில்லை. அதற்குப் பதில் கற்பூரம். குளிர்ந்த, மூக்கின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும் கற்பூர வாசம். மௌத்து விழுந்த வீட்டில் மையித்தைக் குளிப்பாட்டி முடித்ததும் வரும் வாசம்.

'பூச்சிக்குப் போட்டிருப்பார்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த ஆளுக்கு அந்துருண்டைக்கும் கற்பூரத்துக்கும் வித்தியாசமா தெரியப்போகிறது?

உள்ளறைக் கதவு தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"அம்மா, கதவத் தெறங்க."

"வாம்மா ஷஹீரா, நான் நல்லாத்தான் இருக்கேன்." இருமல்.

அவள் திரும்பினாள். முஸ்தஃபா மேசையருகே நின்று தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"போன்ல பதிஞ்சு வச்சுப் போட்டு விடுறீங்களா? ஸ்பீக்கர் எங்க வாங்குனீங்க, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையிலயா? கண்ணாடிக் கல்லு விக்கிறவருக்கு இதுக்கு மேல புத்தி எங்க போவும்."

அவர் கோபப்படவில்லை. "வேற ஏதாச்சும் கேட்டுப் பாரேன்."

அவள் கதவில் வாயை வைத்துக் கேட்டாள். "அம்மா, அத்தாவுக்குப் பிடிச்ச மீன் எது?"

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ பலகையில் முகத்தை வைத்து மூச்சு இழுப்பது போல ஒரு சத்தம்.

"அத்தாவுக்குப் பிடிச்ச மீன் எது?"

அது அம்மாவின் குரல் இல்லை. ஷஹீராவின் குரல்.

கை தானாகக் கதவிலிருந்து விலகியது. கருவிதான், பேசுவதைத் திருப்பிச் சொல்லும் பொம்மை ஏதோ ஒன்று, பிள்ளைகள் கடையில் விற்பார்களே. நெஞ்சு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா இந்த அறையில் இல்லை. அது மட்டும் புரிந்தது. இந்த ஆள் வேறெங்கோ பூட்டி வைத்திருக்கிறார். அம்மாவோடுதான் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும்.

பயந்துபோனால் வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மாதிரி ஆளுக்கு ஒரு விலை இருக்கும், அதுவும் மலிவாகத்தான் இருக்கும். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சும்மா சுத்தி வளைக்காதீங்க. அம்மாவ என்கிட்ட விடுறதுக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்படி வா வழிக்கு." முஸ்தஃபா தோளிலிருந்த துண்டை எடுத்து மேசை விளிம்பில், அவள் மடி மறையும்படி விரித்துப் போட்டார். "ஆனா விலைய வாயால பேசலாமா? கல்லுக்காரன் மவ நீ. உங்கத்தா சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருக்கிறார். கல் வியாபாரத்தில் பேரம் துண்டுக்கு அடியில்தான். கையைக் கை பிடித்து, எந்த விரலை அழுத்துகிறோமோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. முக்கியமாக, பேரம் முடியும்வரை எதிராளியைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணை எங்காவது நட்டுவைத்து, கையை மட்டும் பேசவிட வேண்டும்.

ஷஹீரா முற்றத்து மழையில் கண்ணை நட்டாள். கையைத் துண்டுக்குள் விட்டாள்.

ஒரு கை வந்து பிடித்தது.

குளிர்ந்த கை. சின்னது. உள்ளங்கை ஈரமாக, எலும்பு தெரிய. இந்த ஆளுக்குக் கைகூடப் பொம்பளைக் கைதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கொஞ்சம் தெம்பு தந்தது. ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினாள். வீடு முழுசும். எடுத்துக்கொள்.

மறுபடி அழுத்தினாள்.

அந்தக் கை அவள் உள்ளங்கையைத் திருப்பியது. ஒரு நகம் அதில் மெல்லச் சுரண்டியது. ஒருமுறை. இன்னொருமுறை.

அது விலை இல்லை. எந்தத் தரகருக்கும் தெரியாத சைகை. அத்தாவும் அம்மாவும் சேர்ந்து கல் வாங்கப் போகும்போது தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டது. சின்ன வயதில் அம்மா அவள் கையில் சுரண்டிக் காட்டிச் சிரித்திருக்கிறாள். 'சரக்கு போலி, எழுந்து போயிடலாம்' என்று அர்த்தம்.

அவள் மழையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

முஸ்தஃபாவின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. தேநீர்க் கிளாஸைப் பொத்திப் பிடித்தபடி. மோதிரங்களோடு. தடித்துப்போய்.

"என்ன மவளே," என்றார் சிரித்துக்கொண்டு. "விலை படியலையா? பெரிய வியாபாரி நீ. யாரு கையப் பிடிச்சிருக்கேன்னுகூடப் பார்க்க மாட்டியா?"

உள்ளறைத் தாழ்ப்பாள் விலகியது. உள்ளேயிருந்து.

"வாம்மா ஷஹீரா." ஷஹீராவின் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

அந்தக் கை அவளோடு எழுந்து வந்தது. அம்மாவின் மருதாணி மங்காத நகங்கள். மணிக்கட்டு. அதற்கு மேல் கற்பூரம் தூவிய வெள்ளைப் பஞ்சு, ஒழுங்காகச் சுற்றிக் கட்டியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விரல்கள் அவளை விடவில்லை. நகம் சுரண்டியது. விடாமல். இன்னும் வேகமாக.