குளிராத குழல்

புல்லாங்குழலின் நடுத்துண்டைக் காணவில்லை!

வெனிஸ் நகரத்து அநாதைப் பெண்கள் விடுதி. ஜனவரி மாதக் காலை. பெட்டியில் மற்ற மூன்று துண்டுகளும் சமர்த்தாகக் கிடந்தன. குளிரில் குழலைச் சூடேற்றாமல் ஊதினால் சுருதி இறங்கிவிடும் என்பதால், வாத்திய அறையில் எப்போதும் கணப்பு எரியும்.

மாலை மாதாகோவிலில் புதிய கான்செர்ட்டோ. வாத்தியக் குழு பின்தொடர, விடுதிப் பெண் ஓர்செத்தாவின் குழல் தனித்துப் பாட வேண்டும். அதுவே அவளுடைய கடைசிக் கச்சேரி. நாளை பட்டு வியாபாரி ஒருவருடன் நிச்சயம். கல்யாணமாகிப் போகிறவள் இனி சபையில் வாசிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்; அது விடுதிச் சட்டம். விடுதிப் பெண்கள் மறைந்து வாசிக்கும் கம்பித் திரைக்குப் பின்னாலிருந்து வந்த அவள் வாசிப்பில்தான் மனிதர் மயங்கினாராம். நல்ல கூத்து!

இசையாசிரியை லுக்ரேசியா விசாரித்தாள்.

"உள்ள யாரு வந்தா?"

"நான்தாம்மா, கரி போட," என்றாள் வேலைக்காரி மெனேகா.

"பெட்டியத் தொட்டியா?"

"தொட்டிருந்தா என் கைக்கரி ஒட்டியிருக்காதா?"

விடுதித் தலைவி அதைக் காதில் வாங்கவில்லை. மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டாள். மெனேகா அழுதாள். ஓர்செத்தாவின் முகம் வெளுத்தது.

சற்று நேரத்தில் ஓர்செத்தா கோவிலிலிருந்து ஓடி வந்தாள்.

"கிடைச்சிருச்சு! தீர்த்தத் தொட்டிப் பக்கத்து மாடத்துல!"

லுக்ரேசியா போய்ப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் உறைந்திருந்தது. குழலைப் பூட்டச் சொல்லி, ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினாள். குழல் சுருதி சுத்தமாகச் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். லுக்ரேசியா மட்டும் தட்டவில்லை. ஓர்செத்தாவைத் தனியே அழைத்துப் போனாள்.

"எடுத்தது நீதான். தண்ணியே உறைஞ்ச இடத்துல கிடந்த துண்டு உடனே எப்படிடி சுருதி சேரும்? இவ்வளவு நேரமும் உன் சட்டைக்குள்ள இருந்திருக்கு."

ஓர்செத்தா உடைந்து போனாள்.

"கடைசிக் கச்சேரி நின்னா, அது முடியற வரைக்கும் நிச்சயமும் தள்ளிப் போகும்னு நெனச்சேம்மா. வெளிய ஒளிச்சா குளிர்ல வெடிச்சிருமோன்னு பயம். அதான் நெஞ்சோட வெச்சிருந்தேன்."

லுக்ரேசியா அவள் தலையைத் தடவினாள். ஆனாலும் அதட்டினாள்.

"மொதல்ல மெனேகாகிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லு. உனக்கு வாய் ஊதறதுக்கு மட்டும்தானா?"

மாலை, குழல் பாடியது. வாத்திய அறைக் கணப்பருகே கேட்டுக்கொண்டிருந்த மெனேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் வியாபாரி திரையருகே வந்தார்.

"இந்தக் குழலை ஆயுசு முழுக்கக் கேக்கணும்!"

"அப்படின்னா ஞாயிறுதோறும் இங்கயே வாங்க," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஓர்செத்தாவின் குரல்.