விரியாத தொண்ணூறு நொடி

பதினோராம் வகுப்பின் திரைப்படப் பாடத்தில் இருந்த முப்பத்தெட்டு பேரில் ஒருவர்கூட முழுப் படம் எடுக்கப்படுவதைப் பார்த்ததில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. தொண்ணூறு நொடிக்கு முன்னோட்டம் எடுத்துப் படவிரிப்பானிடம் கொடுத்துவிட்டால் போதும். பார்க்கிறவர் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டதும், அவருடைய நாடித்துடிப்பையும் கண்மணியின் அசைவையும் கவனித்து, அவர் மனம் எதற்கு ஏங்குகிறதோ அதன்படி இரண்டரை மணி நேரப் படமாக அது விரித்துக் கொடுத்துவிடும். ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கிற கணவனும் மனைவியும் வெவ்வேறு முடிவுகளோடு எழுந்திருப்பார்கள். பார்த்த படத்தைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அடுத்தவர் பார்த்தது வேறு படம், பேச என்ன இருக்கிறது?

ஜெசிந்தாவும் இசக்கியும் மன்சூரும் தங்கள் முன்னோட்டத்தைத் திட்டமிட உட்கார்ந்த இடம், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மன்சூர் வீட்டு ஐஸ் ஆலை. மே மாதத்தில் அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. கதை ப்ரிஜிட்டைப் பற்றியது. ஆறாம் வகுப்பிலிருந்து நால்வராகத் திரிந்தவர்களில் ஒருத்தி. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒன்பது நாள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

இசக்கி ஒரு தாளில் காட்சிகளை எழுதி வைத்திருந்தாள். "மொத காட்சி மழை. ரெண்டாவது காலி பெஞ்சு. மூணாவது, ஜெசி அழுதா."

"நம்ம ஊர்ல மே மாசம் மழைக்கு எங்கட்டி போவ?" என்றான் மன்சூர்.

தரை கழுவும் குழாயை வைத்து அவனே மழை பெய்வித்தான். ஐஸ் ஆலைத் தண்ணீர். ஜெசிந்தா சோகமாக நிற்க வேண்டிய இடத்தில் "எம்மா" என்று அலறிக்கொண்டு ஓடினாள். வழுக்கி விழுந்த இசக்கி, எழுந்திருக்க முயன்று மறுபடி விழுந்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜெசிந்தாவுக்கு எங்கோ சுருக்கென்றது.

"அவ போயி அஞ்சு மாசந்தான் ஆவுது. நாம இப்படிச் சிரிக்கோம்."

"அவ இருந்திருந்தா குழாயைப் புடுங்கி மன்சூரு வாய்க்குள்ளயே அடிச்சிருப்பா," என்றாள் இசக்கி. அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எப்படியோ ஒரு வரைவு தேறியது. ப்ரிஜிட்டின் உண்மையான படம் அதில் நான்கே நொடி. சைக்கிளிலிருந்து உப்பளத்துச் சேற்றில் விழுந்தவள், எழுந்து, கைபேசியை நீட்டிய மன்சூரைப் பார்த்து "எடுக்காதல" என்று விரலை ஆட்டுகிற துண்டு. மறுநாள் மதியம் மூன்று பேரும் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைவை விரித்துப் பார்த்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் பார்த்த படத்தில் ப்ரிஜிட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்லேன்னாலும் நீ என்னை மறக்காத ஜெசி" என்று மெல்லச் சொன்னாள். ப்ரிஜிட் வாழ்நாளில் எதையும் மெல்லச் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில் அவள் உண்மையில் கேட்டது, வெளியே கடையில் பரோட்டா வாங்கி நர்ஸுக்குத் தெரியாமல் கொண்டுவர முடியுமா என்பதுதான். ஆனாலும் ஜெசிந்தா அந்தப் பொய்யைப் பார்த்துத் தேம்பியிருந்தாள். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மன்சூரும் கழற்றினான். அவன் காது சிவந்திருந்தது.

"ஒன் படத்துல என்னல?" என்றாள் ஜெசிந்தா.

"அத விடு."

"சொல்லுல."

"அவளுக்கு என்னைப் புடிச்சிருந்துச்சு," என்றான் தரையைப் பார்த்தபடி.

இசக்கி மட்டும் கடைசிவரை பார்த்தாள்.

"எனக்கு அவ பொழச்சிட்டா," என்றாள். "காலேஜுக்கு போறா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இனிமே நான் பாக்க மாட்டேன்."

ஜெசிந்தா விரிப்பானின் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். நீளம், வகை, இசை என்ற வரிசையில் விரிவளவு என்றொரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதில் நூறு என்று போடுவார்கள். அவள் பூஜ்யம் போட்டாள்.

"பூஜ்யம் போட்டா படமே இல்லையே. நான் எதுக்கு மார்க்கு போட?" என்றார் திரைப்பட ஆசிரியர் கொர்னேலியஸ்.

"தொண்ணூறு நொடிக்குப் போடுங்க சார்."

"மிச்சம்?"

"மிச்சம் எங்களுக்குத் தெரியாது சார். தெரியாதத எடுக்க மாட்டோம்."

அவர் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

புதிய முன்னோட்டத்தில் காலி பெஞ்சு இல்லை, கண்ணீரும் இல்லை. குழாய் மழையில் அலறி ஓடுவதையும் விழுவதையும் அப்படியே வைத்தார்கள். பரோட்டாக் கடையில் நான்கு தட்டுக்குச் சொல்லிவிட்டு, நான்காவதை யார் தின்பது என்று மூவரும் சண்டை போடுவதை எடுத்தார்கள். கடைசியில் ப்ரிஜிட்டின் விரல் ஆடியது. பிறகு திரை இருண்டது.

ஆண்டு விழாவில் கண்ணாடி வேண்டாமென்று அரங்கின் சுவரிலேயே அதைக் காட்டினார்கள். முந்நூறு பேரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். விழுந்து புரளும் இசக்கியைப் பார்த்து அரங்கமே ஒன்றாகச் சிரித்தது. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும் சத்தம் பலருக்குப் புதிதாக இருந்ததால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். திரை இருண்டதும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"பொறவு?" என்று யாரோ கேட்டார்.

"அந்தப் புள்ளதான் எங்க வீட்டு மதில்ல ஏறி விழுந்துச்சு," என்றார் இன்னொருவர். கணக்கு டீச்சர் எழுந்து, ப்ரிஜிட் தேர்வுத்தாளில் விடைக்குப் பதிலாக எழுதிய மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கினார். அடுத்த முன்னோட்டத்துக்கான நேரம் கடந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், முயல் தீவுக்கு அவள் நீந்தியே போய்வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். கைதட்டல் எழுந்தது.

ப்ரிஜிட்டுக்கு நீந்தத் தெரியாது. ஜெசிந்தா பதறி எழுந்தாள். இசக்கி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பொய் சொல்லுதான்ட்டி."

"சொல்லட்டும். எவ்வளவு சந்தோசமா சொல்லுதான் பாரு."

"அப்போ மிஷினு மட்டும் என்ன தப்பு பண்ணிச்சு?"

அதற்குள் ப்ரிஜிட்டின் அம்மா டெல்பின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்து அவர் முகம் வியர்த்திருந்தது.

"ஆஸ்பத்திரில கடைசி நாள் நீதான அவகூட இருந்த. என்னைப் பத்தி ஏதும் சொன்னாளா?"

ப்ரிஜிட் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாததை எடுக்க மாட்டோம் என்று சாரிடம் அடம்பிடித்தவள் அவள். டெல்பினின் கண்மணி அசையாமல் அவள் முகத்திலேயே நின்றது. அது எதற்கு ஏங்குகிறது என்று அறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"சொன்னா ஆன்ட்டி. எங்கம்மா மாதிரி யாரும் கெடையாதுன்னு சொன்னா."

டெல்பின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மகளைப் போலவே ஊர் கேட்கச் சிரித்தார்.

"அவளாவது, அப்படிச் சொல்லவாவது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார். "சரி, மேல சொல்லு. வேற என்ன சொன்னா?"