மூச்சு திரும்பிய வயல்

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: நிலத்துக்காரி குணவதி, மண்காப்புத் துறை ஆய்வாளர் ஜெசிந்தா, ஆடு மேய்க்கும் கீதாரி மாயழகு, அவருடைய நாய்கள் இரண்டு, இருநூற்றுச் சொச்சம் ஆடுகள். வரப்பு மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற மண்ணுணரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு மட்டும்தான் இருந்தது.

மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் விடும் மூச்சை அது அளந்தது. மூச்சு குறைந்தால் வயலைச் சுற்றிய ஒளிவேலி மூடிக்கொள்ளும். உழவு கிடையாது, விதைப்பு கிடையாது. மூச்சு திரும்பினால், யாரால் திரும்பியதோ அவருக்கே சாகுபடி உரிமை. ரசாயனத்தைக் கொட்டி மண்ணைச் சாகடித்த தலைமுறைக்குப் பிறகு வந்த சட்டம். நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

குணவதியின் வயல் மூடிக் கிடந்தது. ஆடு அடைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு என்று தெரிந்ததும், கோடையில் மாயழகைக் கிடை போட அழைத்தாள். பகலில் வெளியே மேய்ந்த ஆடுகளை அவர் இரவில் அந்த வயலில் வலை கட்டி அடைத்தார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கின. மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் கட்டினார். ஒரே இடத்தில் விட்டால் எரு மிஞ்சி மண் வெந்துவிடும், மூச்சு நின்றுவிடும். கிடை கிடக்கும் வயலில் நிலத்துக்காரர் கால் வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆடு மிரளும், நாய் பாயும். குணவதியும் சோற்றுத் தூக்கை வேலிக் கதவருகே வைத்துக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

மண் மூச்சு விடத் தொடங்கியது. ஆற்றில் தண்ணீர் வந்து உழவு தொடங்கும் நேரம். வடக்கே அடுத்த கிடைக்கு வாக்குக் கொடுத்திருந்த மாயழகு வலையைச் சுருட்டித் தோளில் போட்டு ஆடுகளை ஓட்டினார். கதவு திறக்கவில்லை.

வெளியே நின்ற ஜெசிந்தா மண்ணுணரியின் முடிவைப் படித்தாள். சாகுபடி உரிமை மாயழகுக்கு. முதலில் சிரித்த குணவதி, அது வேடிக்கையில்லை என்று தெரிந்ததும் பொங்கினாள்.

"சோறு போட்டவ நான். நிலம் இவருக்கா?"

மண்ணுணரிக்குச் சோறு தெரியாது என்றாள் ஜெசிந்தா. கோடை முழுக்க வயலில் பதிந்த மனிதக் காலடி ஒருவருடையதுதான்.

"எனக்கு எதுக்குத் தாயி நிலம்? ஒரே இடத்துல நிக்க நான் என்ன தென்னமரமா? இவுககிட்டயே குடுத்துட்டுக் கதவைத் தொற."

உரிமையை மாற்ற முடியாது. ஆடுகளையும் வெளியேற்ற முடியாது. மண்ணுக்கு மூச்சுக் கொடுக்கும் எதையும், மூச்சு திரும்பிய வயலிலிருந்து எடுக்கக் கூடாது என்று வைக்கோலையும் மேல்மண்ணையும் விற்றவர்களுக்காக எழுதிய விதி அது. மண்ணுணரி அதில் ஆட்டையும் சேர்த்திருந்தது. ஆள் மட்டும் போகலாம் என்று ஜெசிந்தா பக்கத்துச் சிறுகதவைத் திறந்தாள். மாயழகு ஒரு குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கதவு அவர் முகத்துக்கு நேரே பூட்டிக்கொண்டது. குட்டியை இறக்கியதும் திறந்தது.

வெளியே வந்தவர், தான் தினமும் இடம் மாற்றி விலகிப் போனதால்தான் மண் பிழைத்தது என்று விளக்கினார். ஜெசிந்தாவுக்கு அது புதுச் செய்தி. குத்தவைத்து உட்கார்ந்து, எந்த மண்ணுக்கு எத்தனை ஆடு, எப்போது நகர்த்துவது என்றெல்லாம் கேட்டாள். அதை மண்ணுணரியிடமும் சொல்லிப் பார்த்தாள். வயலுக்குள் வருவதை மட்டுமே அளக்கத் தெரிந்த இயந்திரம் அது. 'ஆடுகள் தங்கட்டும்' என்றது. தலைமைக்கு எழுதலாம், பதில் வர அறுவடை ஆகிவிடும்.

"மூச்சு மறுபடி நின்னா?" மாயழகு கேட்டார்.

"உங்க உரிமை போயிடும். ஆடுகளையும் வெளியேத்திடும்."

அவர் திரும்பிக் குணவதியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ராத்திரி கட்டுன அதே எடத்துலயா கட்டப் போறீங்க, கீதாரி?"

"வேற வழி சொல்லு தாயி. அதே எடத்துலதான், அது வேகுற வரைக்கும். அப்புறம் அடுத்த துண்டு."

 ஜெசிந்தா மண்ணுணரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெந்த மண்ணு திரும்புமா?" குணவதி கேட்டாள்.

"ஒரு கிடை வந்து போனா திரும்பும்."

"நீங்க வருவீங்களா?"

மாயழகு வலையைத் தோளில் சரி செய்துகொண்டு குனிந்து உள்ளே போனார். சிறுகதவு அவருக்குப் பின்னால் சாத்திப் பூட்டிக்கொண்டது.