பக்கத்து சீட்டில் நாற்பத்தொரு கிலோ

வண்டி வாங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம், ஆளே இல்லாத பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கெஞ்ச ஆரம்பித்தது.

முதலில் ஒரு சிவப்பு விளக்கு. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை போட்ட ஒரு குட்டி மனிதன். பிறகு மணி. டிங்... டிங்... டிங்... சொகுசு வண்டி அல்லவா, அதட்டவில்லை. பெரிய ஓட்டலில் கோட்டு போட்ட ஆள் ‘மேடம்’ என்று குனிவதுபோல் மரியாதையாகத்தான் கூப்பிட்டது. பிரேக் அக்கா திரும்பிப் பார்த்தாள். கறுப்புத் தோல் சீட். கைப்பையைக்கூடப் பின்னால்தான் எறிந்திருந்தாள். சீட்டின் மேல் ஒரு குண்டூசி இல்லை.

பிரேக் அக்கா என்பது அவளிடம் கார் ஓட்டப் படித்தவர்கள் வைத்த பெயர். பத்தொன்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, உயிரை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள். கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள், ரவுண்டானாவுக்கு நடுவில் அழுதவர்கள், லாரி எதிரே வரும்போது ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் என்று நானூறு பேரைப் பார்த்தாயிற்று. பல் டாக்டர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தாலும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும்.

அதனால்தான் இந்த வண்டி. இரண்டே கதவு, தரையோடு தவழும் உடம்பு, திருப்பத்தில் உறுமும் குரல். சொகுசு வண்டி வரிசையில் ஆகக் கடைசிப் படி. அதிலும் ஏழு வருஷம் பழசு. இருந்தாலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் ஓட்ட வேண்டும், பக்கத்து சீட் காலியாக இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு காலி சீட்.

“இந்த வயசுல ரெண்டு கதவு வண்டியா?” என்றார் கணவர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார்; எதையும் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவார், பேச்சு உட்பட.

“எனக்கு ஒரு கதவு போதுங்க. இன்னொண்ணை அவங்களாவே சேர்த்துக் குடுத்துட்டாங்க.”

“அப்ப நான் எங்க உட்காருறது?”

“பஸ்ல.”

டிங்... டிங்... என்று இப்போது அந்தக் காலி சீட்டுக்காகத்தான் வண்டி கரைந்துகொண்டிருந்தது. பழைய வண்டி, ஏதாவது ஒயர் தேய்ந்திருக்கும் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டினாள். ஆனால் ஐம்பது அறுபது தடவை ஒரே மணி அடித்தால் மனித மனம் என்ன செய்யும்? பழகிய வழியில் போகும். வேலை நாளில் எட்டு தடவை சொல்லும் வார்த்தை அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்தது.

“பெல்ட் போடு.”

சர்ரென்று பட்டை இழுபடும் சத்தம்.

க்ளிக்.

மணி நின்றுவிட்டது.

ஓரமாக நிறுத்தினாள். காலி சீட்டின் குறுக்கே பட்டை, தோலோடு ஒட்டி, ஒரு முறுக்கு இல்லாமல் ஒழுங்காகக் கிடந்தது. பட்டையின் இரும்பு நாக்கு பூட்டுக்குள் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் இன்னும் இருந்தது. அந்த வெயிலில் அவள் முன்கை மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயந்த பிள்ளைகள்தான் சொன்ன உடனே கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. வாய் வழக்கம்போல் அவளுக்கு முன்னால் ஓடியது.

“நல்ல பிள்ளை” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டியை விற்றவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆறடி உயரம், அயர்ன் கலையாத சட்டை. ஓட்டிப் பார்க்கப் போனபோது அந்த மனிதர் முன்னால் உட்காராமல், பள்ளிக்கூடப் பை வைக்கவே இடம் போதாத பின் சீட்டுக்குள் தன்னை நாலாக மடித்துத் திணித்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில்.

“முன்னாடி வாங்க சார். இடம் சும்மாதானே இருக்கு?”

“இருக்கட்டும் மேடம். எனக்கு இதான் பழக்கம்.”

அப்போது அவள் எஞ்சின் சத்தத்தில் சொக்கிப்போயிருந்தாள். நாலு வருஷம் அவருடைய சொந்த வண்டி. அதில் பின் சீட் எப்படிப் பழக்கமாகும்? அப்படியானால் முன்னால் யார் ஓட்டினார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குப் போன் போட்டாள். எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல், அதுவும் மரியாதையாக.

அதன்பிறகு அவள் வாயைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினாள். பேசிப் பேசியே பிழைத்தவளுக்கு அது தண்டனை. ஐந்தாம் நாள், தடம் மாறும்போது, “மிரர் பாரு” என்று முணுமுணுத்துவிட்டாள். காலி சீட் பக்கத்து வெளிக் கண்ணாடி ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பியது. அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அதில் வெறும் கதவும் தார்ரோடும்தான் தெரிந்தன. சிக்னலில் நின்றபோது, வம்புக்குத்தான், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த கைதாங்கியின் மேல் சாய்ந்து தலையைப் பக்கத்து சீட்டின் நடுவுக்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் தாழ்த்தினாள். இன்னும் கொஞ்சம். ஒரு குள்ளமான ஆளின் கண் இருக்கும் உயரத்துக்கு வந்ததும், பின்னால் நின்ற வண்டி, அதற்குப் பின்னால் நின்ற வண்டி, தெரு முனைவரை எல்லாம் கச்சிதமாகக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தன. அவளே வைத்துக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது. அந்த உயரத்தில் ஒரு வாசனையும் இருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடியின் வாசனை. அவள் கன்னத்துக்கு மிக அருகில்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியார் தானாகவே வந்து கதவைத் திறந்து ஏறினார். பஸ் தாமதமாம்.

“சீட் சூடா இருக்கே. யாரை இறக்கிவிட்டுட்டு வர்ற?”

“சீட் ஹீட்டர்.”

“இந்த மாடல்ல அது கிடையாதும்மா. நீதானே சொன்ன, அதெல்லாம் மேல் படி வண்டிக்குத்தான்னு.”

பிரேக் அக்கா வண்டியை எடுத்தாள். இரண்டாவது சிக்னல் வந்தது. வாத்தியார் முகம் மெதுவாகச் சுண்ணாம்பு நிறத்துக்குப் போனது. கைகளை மடியிலிருந்து தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் இறங்கினார். கதவைச் சாத்தாமல் குனிந்து, அவளை மட்டும் பார்த்தார்.

“வித்துடலாம்மா.”

“மாட்டேங்க.”

“சொல்றதைக் கேளு. எங்கயாவது நிறுத்திட்டு வந்துடு. சாவியைக்கூட எடுக்காத.”

“பத்தொன்பது வருஷம் அடுத்தவங்களுக்காக பிரேக் போட்டேன். இது என் வண்டி. இதுல யாராவது இறங்கணும்னா அது நான் இல்ல.”

வாத்தியார் நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் வழக்கமாக நடக்கிற ஆள் இல்லை.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவருடைய மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அந்த ஷெட்டில் அவளுக்குத் தனி மரியாதை. உட்கார டயருக்குப் பதிலாக ஸ்டூல் கிடைக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகி, சின்னத் திரையைத் துடைத்துப் பார்த்தார்.

“சீட் அடியில எடை பார்க்கிற மெத்தை ஒண்ணு இருக்குக்கா. அது நாப்பத்தொண்ணு காட்டுது.”

“நாப்பத்தொண்ணு என்ன?”

“கிலோ.”

“கெட்டுப்போயிருக்கும்.”

“கெட்டிருந்தா ஒரே நம்பர்ல நிக்கும். இல்ல தாறுமாறா குதிக்கும். இது...” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நாற்பதே முக்கால். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றேகால். மறுபடி நாற்பத்தொன்று. மறுபடி நாற்பதே முக்கால். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறி.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். தூங்கும் குழந்தையின் வயிற்றை இப்படித்தான் பார்ப்பார்கள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“வித்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“சொல்லல. வேற என்ன செய்யட்டும்?”

“சீட்டைக் கழட்டுங்க.”

“ஒயரையா?”

“சீட்டையே. நாலு போல்ட்தானே? பெல்ட், பூட்டு, எல்லாத்தையும் எடுங்க. உட்கார இடம் இருந்தாத்தானே உட்காரும்?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “டேஷ்போர்டுல நாலஞ்சு விளக்கு எரியும்கா.”

“எரியட்டும். எனக்குப் படிக்க வெளிச்சம் வேணும்.”

நாலு போல்டும் சுலபமாக வரவில்லை. மூன்றாவதற்கு மெக்கானிக் ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டித் தொங்க வேண்டியிருந்தது. கடைசியில் சீட் வெளியே வந்தபோது சாயங்காலம் ஆகி, ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. தூக்கியவர், “வெறும் சீட்டுதான்க்கா, கனமே இல்ல” என்றார். அவளுக்கு அது வெற்றிச் செய்தியாகக் கேட்டது.

பக்கத்தில் இப்போது வெறும் கம்பளமும், நாலு ஓட்டையும், கைக்கு எட்டும் தூரத்தில் மறுபக்கத்துக் கதவும். பிரேக் அக்கா வண்டியை எடுத்தாள். மழை கழுவிய ரோடு கறுப்பாகப் பளபளத்தது. கடை விளக்குகள் அதில் நீளநீளமாக உருகிக் கிடந்தன. மணி இல்லை. வாசனை இல்லை. ஈரக் காற்று மட்டும் ஜன்னல் வழியே வந்து கழுத்தைத் தடவியது. பெரிய பாலத்தில் ஏறும்போது காலை அழுத்தினாள். எஞ்சின் தொண்டையைத் திறந்து பாடியது. வாங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக, தனியாக, முழுசாகத் தனியாக, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“எங்க உட்காருவ இப்ப?” என்று அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கேட்டாள். “சொல்லு பார்ப்போம். எங்க உட்காருவ?”

பாலம் இறங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. நின்றாள்.

ம்ம்ம்.

அவளுடைய சீட்டின் மோட்டார்.

சீட் பின்னால் நகர்ந்தது. ஒரு விரல்கடை. இன்னும் ஒரு விரல்கடை. பட்டனை முன்பக்கமாக அழுத்தினாள். கேட்கவில்லை. அழுத்தி, குத்தினாள். சீட் பொறுமையாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு ஆளுக்கு இடம் விடும் அளவுக்குப் போய் நின்றது.

பிரேக் மேல் அவள் கால் விரல் நுனி மட்டும் எட்டியது.

முதலில் முழங்காலில் ஒரு குளிர். பிறகு தொடையில் கனம். திடீரென்று இல்லை. நெரிசல் பஸ்ஸில் ‘கொஞ்சம் நகருங்க’ என்று தயங்கித் தயங்கி உட்காருவார்களே, அப்படி.

சர்ர்ர்.

அவள் மேல் இருந்த பட்டை நீண்டது. நெஞ்சை விட்டு விலகியது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. நடுவே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததன் மேல் பட்டை விறைப்பாகப் பதிந்திருந்தது.

மோவாய்க்குக் கீழே ஈர முடியின் வாசனை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.

கத்தினால் கைவிடுவோம். கைவிட்டால் வண்டி போய்விடும். நானூறு பேருக்குச் சொன்னதை அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். அவளுடைய பத்து விரல்கள். அவற்றுக்கு இடையிடையே, சக்கரத்தின் தோல் சின்னச் சின்னதாகக் குழிந்திருந்தது. இந்தப் பக்கம் நாலு குழி. அந்தப் பக்கம் நாலு.

“கையை எடு” என்றாள். வகுப்பில் பேசும் குரல்.

இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டது அது.

குழிகள் ஆழமாகின.

“எடுக்க மாட்டியா? நானும் எடுக்க மாட்டேன். என் வண்டி இது. கேட்டுச்சா? என் வண்டி.”

பிடியை இறுக்கினாள். பிரேக்கின் மேல் இருந்த கால்விரல்களை ஒரு சின்ன, ஈரமான பாதம் மெதுவாகத் தள்ளிவிட்டது. ஹாரன்கள். எதிரே அகலமான, மினுமினுக்கும் ரோடு. எஞ்சின் உறுமியது, அவள் அழுத்தவில்லை. ஸ்டீயரிங் தன்னிஷ்டத்துக்குத் திரும்பப் பார்த்தது, அவள் விடவில்லை. வண்டி நேராகப் பாய்ந்தது, வேகம் கூடிக் கூடி. அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால், காலியான காற்றின் மேல் அந்தப் பட்டை மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது.