தறியை விட்டு எழுந்திராதவன்

உதயகுமாரின் உடம்பில் பொய் இல்லை. சங்கரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அவள் தங்கை காயத்ரி காணாமல் போய்ப் பன்னிரண்டு நாள். அவளைக் கட்டியவன் இந்த உதயகுமார். சங்கரி பிள்ளையார்பாளையத்து நெசவுத்தெருவில் அவன் வீட்டுக்கு வந்து நிற்பது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவன் தறியில் உட்கார்ந்தபடியே ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"சண்டை போட்டுக்கினு போய்ட்டாக்கா. எங்க போனான்னு எனக்குத் தெரியாது."

கண் அலையவில்லை. கை மூக்குக்கோ காதுக்கோ போகவில்லை. ஊடை நூல் கோத்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது, இழையை நெருக்கும் பலகை இடித்தது, மறுபடி நாடா ஓடியது, தூங்குகிறவன் மூச்சைப்போல ஒரே சீராக. உண்மையைச் சொல்கிறவனுக்கே இந்த நேரத்தில் குரல் கொஞ்சம் பிசிறும். இவனுக்கு அதுகூட இல்லை.

சங்கரி பதினாறு வருஷமாகக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துப் போடுகிறவள். மாமியார்க்காரி "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லும்போதே அவள் தோள் ஓர் அங்குலம் பின்வாங்குவதைப் பார்த்துவிடுவாள். கல்யாணப்பெண் பச்சையைத் தடவிக்கொண்டே மாம்பழ மஞ்சளுக்கு ஏங்குவதைப் பார்த்துவிடுவாள். கடை முதலாளி கைலாசம் வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போதெல்லாம் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். "இன்னா சங்கரி, இவன் எப்படி?" என்பார். "நல்லவன்தான். ஆனா திங்கக்கிழமை திங்கக்கிழமை அவங்க பாட்டிக்கு உடம்பு சரியில்லாம போய்டும்," என்பாள். அப்படியே ஆகும்.

அந்தச் சங்கரிதான் பொங்கலுக்கு வந்த தங்கையிடம், "அங்க எப்படிடி இருக்குது?" என்று கேட்டாள். "ஒண்ணும் கொறை இல்லக்கா," என்று காயத்ரி சிரித்தாள். சிரித்தது உதடுதான். ஒரு கை மற்றக் கையின் முழங்கையை, உடைந்துபோன எலும்பைத் தாங்குகிற மாதிரி, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் படித்தவள் அதை மட்டும் படிக்காத மாதிரி எழுந்து போய்ப் பாலை இறக்கினாள். அதை நினைக்க நினைக்க வயிற்றில் அடுப்பு எரிந்தது. யார் மேல் கோபம் என்றே பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

வெளியே ஐப்பசி மழை. மணி நாலுகூட ஆகவில்லை, கூடத்துக்குள் இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் போய் அரைமணி நேரமாகிவிட்டது. நனைந்த பட்டின் வாடை, சுவரில் ஊறிய ஈரத்தின் வாடை, அதற்கெல்லாம் அடியில் வேறொரு வாடை. நாள்கணக்கில் படுக்கையை விட்டு எழாத நோயாளியின் அறையில் அடிக்குமே, அது.

உள்ளேயிருந்து உதயகுமாரின் அம்மா தையல்நாயகி தட்டோடு வந்தாள்.

"இன்னாம்மா சங்கரி, கடைக்கு லீவா? தினம் வந்துக்கினு இருக்கே."

"என் தங்கச்சியக் காணோம் அத்தை. புடவையா விரிச்சுக்கினு இருப்பேன்?"

"ஓடிப்போனவளுக்கு நாங்க இன்னா பண்றது? வளத்தவங்களைக் கேக்கணும்."

"அவ கண்ணாடி அதோ அலமாரில இருக்குது. அது இல்லாம தெருமுனை கூடத் தெரியாது அவளுக்கு. ஓடறவ தடவிக்கினா ஓடினா?"

தையல்நாயகி அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அந்த உடம்பில் பொய் கொப்பளித்தது. சங்கரிக்கு அது தெரியும், முதல் நாளே தெரியும். ஆனால் கிழவியின் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் "அவங்க முந்தானைய இழுத்தாங்க சார்" என்று சொல்ல முடியுமா? அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

கிழவி தறியோரம் குந்தினாள். சோற்றைப் பிசைந்து, உருட்டி, மகன் வாயில் வைத்தாள். அவன் கை நாடாவை விடவில்லை. நாடா ஓடும் இடைவெளியில் வாயைத் திறந்தான். மென்றான். பலகை இடித்தது. திறந்தான். முப்பத்தெட்டு வயது ஆம்பளை.

சங்கரி ஓர் அடி கிட்டே வந்தாள்.

"ஏன், எழுந்து சாப்பிட மாட்டாரோ தம்பி?"

"அவசர வேலைம்மா. முகூர்த்தப் புடவை," என்றாள் கிழவி. மிக வேகமாகச் சொன்னாள்.

அப்போதுதான் சங்கரிக்குத் தன் மடத்தனம் உறைத்தது. இந்தத் தெருக்களில் தறியில் உட்கார்ந்தவன் யார் வந்தாலும் எழ மாட்டான். சம்பந்தி வந்தாலும் தலையை மட்டும் அசைப்பான், வந்தவர்களும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இழை அறுந்தால் அன்றைய பொழுதே போச்சு. அது எல்லாருக்கும் தெரிந்த நியாயம். அந்த நியாயத்துக்குப் பின்னால்தான் இவன் பன்னிரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறான். போலீஸ்காரரும் அவன் எதிரில் நாற்காலி போட்டுத்தான் பேசிவிட்டுப் போனார். மூன்று நாளும் அவள் பார்த்தது இடுப்புக்கு மேலே. பாதி ஆள். முகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன் உண்டு, கையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவனும் உண்டு, காலைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன் இல்லை. மீதிப் பாதி, கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் மிதிகட்டைமேல் இருந்தது.

"எழுந்திரு," என்றாள்.

"அக்கா, வேலை..."

"எழுந்து என் முன்னால நில்லு. நின்னுக்கினு அதே பதிலைச் சொல்லு. நான் போய்டறேன், இனிமே வர மாட்டேன்."

நாடா ஓடியது. பலகை இடித்தது.

"எழுந்திருடா!"

உதயகுமாரின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. முகம் அசையவில்லை, நீர் மட்டும் தாடி மயிருக்குள் இறங்கியது. சங்கரி எட்டிப் பார்த்தாள், அவன் வேட்டி இடுப்பிலிருந்து கீழே ஈரமாக, மஞ்சளாக இருந்தது. அந்த வாடை அங்கிருந்துதான்.

"முடியலக்கா," என்றான். "எழுந்திருக்க முடியல."

"நடிக்காதே."

"பன்னிரண்டு நாளா முடியல. நிறுத்தவும் முடியல. ராத்திரியும் முடியல."

"வாய மூடுடா!" கிழவி சோற்றுக் கையோடு அவன் வாயைப் பொத்தினாள். சங்கரி அந்தக் கையைப் பிடித்து இழுத்து எறிந்தாள். தட்டு உருண்டது. செல்போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு தறியின் பக்கவாட்டில் மண்டியிட்டாள். கோபம்தான் அவளை மண்டியிடவைத்தது. பயம் அதற்கு ஒரு விரற்கடை பின்னால் வந்துகொண்டிருந்தது.

"பாக்காதம்மா," என்றாள் தையல்நாயகி. முதல் தடவையாக அவள் குரலில் பொய் இல்லை.

குழிக்குள் வெளிச்சம் விழுந்தது.

அவன் முழங்கால் ஏறி இறங்கியது. கால்கள் கறுத்து வீங்கி, தோல் உரிந்திருந்தது. மிதிகட்டையில் அவன் பாதம்.

பாதத்தின் மேல் இன்னொரு பாதம்.

சிறியது. ஈர மண் அப்பியது. வலதின்மேல் வலது. இடதின்மேல் இடது. கணுக்காலுக்கு மேலே தறியில் விரித்த பாவு நூலின் நிழல், அதற்குமேல் தெரியவில்லை. வலது அழுந்தியது, மிதி இறங்கியது. இடது அழுந்தியது, மிதி இறங்கியது. அவன் மிதிக்கவில்லை. மிதிக்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்திருந்தது. காயத்ரிக்குப் பிறந்தபோதே அப்படி. அம்மா எண்ணெய் தடவித் தடவி நீவிவிட்டும் நிமிராத விரல்.

சங்கரி வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

அந்தப் பாதங்களை அவளால் படிக்க முடிந்தது. அதுதான் கொடுமை. விரல்கள் சுருண்டு, நரம்பு விறைத்து, குதிகால் பாரம் முழுவதையும் இறக்கி நின்ற நிலையில் அழுகை இல்லை, இரக்கம் இல்லை. கோபம். இவள் வயிற்றில் எரிவதும் அதே கோபம்தான்.

"உன் வீட்டுக்கு வரேன்னுதான் பைய எடுத்தா," உதயகுமார் முனகினான். உதடு நடுங்கியது, தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு துடித்தது. இப்போது உடம்பு முழுக்கப் பேசியது. "நான் அவ காலைத்தான்க்கா புடிச்சுக்கினேன். காலை மட்டுந்தான்."

"தலைப்பக்கம் யாரு?"

அவன் கண் போன இடத்தில் தையல்நாயகி நின்றாள்.

தறி நின்றது.

பன்னிரண்டு நாளில் முதல் தடவை. மழைச்சத்தம் மட்டும். உதயகுமார் பலகையின்மேல் கவிழ்ந்து விழுந்தான்.

குழியின் விளிம்பில் ஒரு பாதம் ஏறியது. ஊன்றியது. மண் உதிர்ந்தது. அடுத்த பாதம்.

சங்கரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போன் தரையில் கிடந்தது. அதன் வெளிச்சம் கணுக்கால் அளவுக்குத்தான் எட்டியது. அதை எடுத்து உயர்த்த அவளுக்குத் துணிவில்லை. சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. அவளுக்கு எதிரே வந்து நின்றது. மண்ணின் குளிர்ச்சி முகத்தில் அடித்தது.

பல் கிட்டிப்போயிருந்தது. ஆனாலும் சங்கரி ஒருக்களித்து நகர்ந்து வழி விட்டாள்.

"சங்கரி, அம்மா, வாசக்கதவத் தெற... உனக்குப் புண்ணியமாப் போவும்..." கிழவி சமையலறைக் கதவில் முதுகைத் தேய்த்தாள்.

தடம் கிழவி முன்னால் நின்றது. மண் பாதம் ஒன்று மேலே எழும்பி, கிழவியின் பாதத்தின்மேல் மெல்ல ஏறியது. பிறகு மற்றொன்று. நடக்கப் பழக்குகிற அப்பன் காலில் குழந்தை ஏறி நிற்குமே, அந்த மாதிரி.

தையல்நாயகியின் முகம் பின்னால் இழுத்தது. இரண்டு கையும் கதவு நிலையைப் பற்றின, நகம் பெயர்ந்தது. தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.

வலது கால் குழியை நோக்கி ஓர் அடி வைத்தது. பிறகு இடது கால்.