சொல்லாமல் உடையும் பிரேம்

காலை ஏழு மணி. கடையைத் திறந்த சைக்கிள் கடைக்காரர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது கொக்கி காலியாக இருந்தது. நேற்று இரவு அதில் சக்கரம் மாட்டாத ஒரு சிவப்பு கார்பன் சைக்கிள் பிரேம் தொங்கியது.

பூட்டு உடையவில்லை. கல்லாவில் பணம் அப்படியே இருந்தது. அவர் உடனே போலீசுக்குப் போன் செய்தார்.

ஏழு இருபதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். வீட்டையும் கடையையும் சேர்க்கும் இருட்டு நடையில் நுழைந்ததுமே, அங்கே சாய்த்து வைத்திருந்த பச்சை சைக்கிளில் முட்டிக்கொண்டார்.

"பாத்து மேடம். என் வீட்டுக்காரி வண்டி. இரும்பு, ஆனை கனம்."

"திருடு போனது எவ்வளவு பெறும்?"

"விலைய விடுங்க மேடம். அதுல உள்ளுக்குள்ள விரிசல் இருக்கு. ஏறி ஓட்டுறவங்க செத்துருவாங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கஸ்டமர் கார்ல இடிச்சுட்டார். எதுக்கும் ஆகாது, வெட்டிப் போட்டுருன்னு குடுத்துட்டுப் போனார். காசால தட்டிப் பாத்தேன். நல்ல இடத்துல டிங்குனு கேக்கும், விரிசல் விட்ட எடத்துல மட்டும் நனைஞ்ச அட்டை மாதிரி கேட்டுது. இரும்பு வளையும் மேடம், சொல்லிட்டுத்தான் போகும். கார்பன் சொல்லாது. மேட்டுல ஏறும்போது ஒண்ணும் தெரியாது. வேகமா எறங்கி ஒரு குழியில விழுந்தா, அவ்வளவுதான்."

அவர் நெற்றி வியர்த்திருந்தது. அந்தப் பயம் நடிப்பில்லை என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது.

சுவரில் இன்னும் மூன்று பிரேம்கள் தொங்கின. பெயின்ட் இல்லாத சாம்பல் நிறப் பிரேம் ஒன்றைத் தொட்டுக் கேட்டார்.

"இது?"

"டைட்டானியம். கடையிலேயே இதுதான் விலை ஜாஸ்தி. போன வருஷ விலைக்கு இப்ப பாதி பிரேம்தான் வரும். எல்லாமே ஏறிப்போச்சு, சாதா இரும்பு கூட."

"அத விட்டுட்டுப் போயிருக்கான்."

"பளபளன்னு இருந்தத எடுத்துட்டான். வெவரம் இல்லாத பய."

இன்ஸ்பெக்டர் வேலை நடக்கும் மூலைக்குப் போனார். சைக்கிளைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாண்டின் ரப்பரில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கீழே இரும்புத் தூள், நறுக்கிய பிரேக் கேபிள் நுனிகள். குப்பைக் கூடையில், சீட்டைத் தாங்கும் குழாயில் அறுத்தெடுத்த ஒரு சாண் துண்டு.

"வெவரம் இல்லாதவன் ராத்திரி முழுக்க இங்கயே உக்காந்து, ஒரு முழு சைக்கிள கோத்துட்டுப் போயிருக்கான்."

கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

பக்கத்துக் கடை பெயின்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கடைச் சாவி வைக்கும் இடம் அவருக்கும் தெரியும் என்றார் கடைக்காரர். இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்லதாங்க. எனக்கு ஸ்பேனர் புடிக்கவே தெரியாது, கைய பாருங்க. அந்தச் செவப்பு பிரேமுக்கு நேத்து சாயங்காலம்தான் பெயின்ட் அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள் தொடாதீங்கன்னு சொன்னேன்."

"யாரு அடிக்கச் சொன்னது?"

பெயின்டர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"வீட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மச்சான் மாடியில தூங்குறான். என்கிட்டதான் மெக்கானிக். வீட்டுக்காரி விடியுமுன்னே போயிட்டா. மலை ரோட்டுல இன்னைக்கு சைக்கிள் போட்டி. ஏழு மணிக்கு ஆரம்பம்."

"அவங்க உயரம் என்ன?"

"என் தோள் வரைக்கும்தான். எதுக்கு மேடம்?"

"விக்கிறதுக்குத் திருடுறவன் டைட்டானியத்த எடுப்பான். இவன் விக்க எடுக்கல. சீட் குழாய ஒரு சாண் அறுத்திருக்கான். யாரு ஓட்டப் போறாங்க, அவங்க கால் நீளம் என்னன்னு தெரிஞ்சவன்தான் அறுப்பான். மேடு ஏறுறவங்களுக்கு கனம் கொறைவா வேணும், அதான் கார்பன்." நடைப் பக்கம் திரும்பினார். "சைக்கிள் போட்டிக்குப் போனவங்க வண்டி இங்க நிக்குதே."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வருடக் கணக்காக இரவில் அதே இடத்தில் நிற்கிற வண்டி. காலையிலிருந்து நான்கு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் போனை எடுத்திருந்தார். "மலை உச்சியில யாரு டூட்டி? செவப்பு சைக்கிள், குள்ளமா ஒரு லேடி. எறங்க விடாதீங்க. குறுக்க படுத்தாவது நிறுத்துங்க."

சத்தம் கேட்டு மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்தான். அவன் நகக்கண்களில் சிவப்பு.

"என்ன மாமா, போலீஸ் வரைக்கும் போயிட்டீங்க? அக்காவுக்கு நான்தான் மாட்டிக் குடுத்தேன். எத்தன வருஷமா நல்ல வண்டி கேக்குறா, நீங்களும் விலை ஏறிப்போச்சு விலை ஏறிப்போச்சுன்னே ஓட்டுறீங்க. சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

"டேய், அது ஒடைஞ்சதுடா."

"வெளையாடாதீங்க. நேத்து நீங்கதான விலைச் சீட்டு எழுதி அதுல மாட்டுனீங்க?"

பெயின்டர் மெதுவாக வெளியே நழுவினார்.

இன்ஸ்பெக்டர் கடைக்காரருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெட்டிப் போடுறதுக்கு எதுக்கு புதுப் பெயின்ட்? ஸ்டாண்டுல செவப்பப் பாத்ததுமே எனக்கு இந்தக் கேள்விதான். உங்க மச்சான் திருடன் இல்ல. உங்க விலைச் சீட்ட நம்புனான், அவ்வளவுதான். இந்தக் கடையில குத்தம் பண்ணுனது ஒரே ஆளு. திருடுனவன் சாவான்னு நெனச்சப்ப உங்களுக்கு வேர்த்துச்சு. ஆனா வாங்குறவனுக்கு விலைச் சீட்டு எழுதும்போது வேர்க்கல."

மணி எட்டைத் தாண்டியது. போன் அடிக்கவில்லை. மச்சான் நடையில் போய் அந்தப் பச்சை சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தார்.

எட்டு பத்துக்குப் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் காதில் வைத்துக் கேட்டார், மூச்சு விட்டார், ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்தார்.

"ஏங்க, போலீச விட்டு எதுக்கு என்னைய நிறுத்துனீங்க?" மனைவியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "மூணாவதா வந்துட்டு இருந்தேன். எறக்கத்துல ரெண்டு பேரையும் புடிச்சிருப்பேன். வண்டி என்னமா போகுது தெரியுமா?"

"நீங்களே சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கடைக்காரர் போன் பக்கம் குனிந்தார். "அது ஒடைஞ்ச பிரேம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பெயின்ட் அடிச்சு மாட்டுனேன்."

அந்தப் பக்கம் சைக்கிளைத் தரையில் கிடத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"யாருக்கு விக்கிறதா இருந்தீங்க?"