உதிர்ந்ததை யாரும் எண்ணவில்லை

கழிவுக் குடுவையில் இருந்த இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் மஞ்சளாகியிருந்தது.

உயிருள்ள செல்கள் தின்று செரித்தால்தான் அந்த நிறம் வரும். குடுவையில் கிடந்தவையோ செத்தவை. ஆய்வக இயக்குநரே அப்படி அறிவித்துவிட்டார். நானூறு மூலிகைகளை அரைத்து வடிகட்டிப் புற்றுச் செல்கள்மேல் விட்டுப் பார்த்ததில், பதினேழாம் எண் இலைச்சாறு ஒன்றுதான் அவற்றைத் தட்டின் அடியிலிருந்து உதிர்த்தது. உதிர்ந்தது செத்தது என்று கழுவிக் கொட்டுவது, உயிரோடு ஒட்டியிருப்பதை எண்ணுவது: அங்கே அதுதான் வழக்கம். எண்ண ஒன்றும் மிஞ்சவில்லை. இயக்குநர் அன்றைக்கே புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார்.

"உதிர்ந்ததையும் ஒரு தடவை பார்த்துடலாமா சார்?" என்று ஆய்வக உதவியாளரான அவள் அப்போதே கேட்டிருந்தாள்.

"செத்ததுக்கு நாடி பிடிச்சுப் பார்க்கணுமாக்கும்? போய் மேடைக்கு நாற்காலி போடச் சொல்லும்மா."

இப்போது பத்திரிகையாளர் கூடத்திலிருந்து அவர் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்து வந்துகொண்டிருக்க, குளிர்பெட்டி விட்டுவிட்டு முனக, மிச்சத்தைக் கொல்லும் ப்ளீச் ஊற்ற மறந்துபோன அந்தக் குடுவையை அவள் முகர்ந்து பார்த்தாள். கெட்ட வாடை இல்லை. கலங்கலும் இல்லை. அடியில் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள் மட்டும். ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் சேர்த்தாள். செத்த செல் நீலமாகும்.

நுண்ணோக்கியில் ஒன்றுகூட நீலமில்லை.

குடுவையைத் தூக்கினாள். கண்ணாடியில் அவள் விரல் பட்ட இடத்துக்கு மணிகள் நகர்ந்து வந்தன. கையை மாற்றினாள். அங்கேயும் வந்தன.

கூடத்தில் கைதட்டல்.

பத்து நாளாக யாருக்கும் தெரியாமல் அதே இலைச்சாற்றை வீட்டுக்கு எடுத்துப்போன சிறு புட்டி ஞாபகம் வந்தது. அக்காவின் கழுத்துப் புற்றுக்கட்டிக்கு. அறுவைக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போட வைத்ததும் அவள்தான்.

வீட்டில் அக்கா கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"வந்துட்டியா! பாருடி, கட்டி இருந்த இடமே தெரியல. அந்த டாக்டர் மூஞ்சியில கரியப் பூசிட்டோம். உங்க சாருக்குச் சிலையே வைக்கலாம்."

கழுத்து வழவழவென்று இருந்தது.

"வேற ஏதாவது செய்யுதாக்கா?"

"ஒண்ணுமில்ல. உடம்பு பூரா லேசா ஊர்ற மாதிரி. கொஞ்சம் கையப் பிடிச்சு விடேன்."

பிடித்தாள். சூடான தோல். அதனடியில் மணல்போல ஏதோ. அவள் அழுத்தவில்லை. அசையவும் இல்லை.

அவை அசைந்தன. மணிக்கட்டிலிருந்து. தோளிலிருந்து. அவள் கட்டைவிரலை நோக்கி.

"அப்பாடா." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அங்கதான். இதமா இருக்கு. எடுத்துடாதடி."

எடுத்தாள்.

அக்காவின் தோலுக்கடியில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு மேடாகத் திரண்டு, அவை காத்திருந்தன.